மன்னார்க் கோட்டையும் அண்டிரிக் அடிகளாரும்

பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவுக்குச் செல்வோர், கடலை ஊடறுத்து ஓடும் நெடும்பாதையைக் கடந்து தீவின் வாயிலை அடைந்ததும் முதலிற் காண்பது ஒரு பழங்கோட்டை. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, உள்ளே கூரையிழந்த தேவாலயம் ஒன்றும் சில இடிந்த சுவர்களும். உப்புக் காற்று நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அரித்த கற்களின் இடுக்குகளில் புல்லும் பூண்டும் முளைத்திருக்கின்றன. கோட்டையை எடுப்பித்தவர் போர்த்துக்கேயர். திருத்திக் கட்டியவர் ஒல்லாந்தர். பின்னர் ஆண்டவர் ஆங்கிலேயர். மூவரும் போய்விட்டனர்.

மன்னார் சிறிய நகரம். ஒரு நகரசபையின் எல்லைக்குள் அடங்கிவிடுவது. நகரிலிருந்து வடமேற்கே ஒரு நீண்ட மணற்றிட்டாய்த் தலைமன்னார் வரை தீவு கிடக்கிறது. அதற்கப்பால் இராமர் அணை என்று நாம் சொல்லும் மணற்றீடைகள் இந்தியக் கரையை நோக்கி வரிசையாகச் செல்கின்றன. பனையும் உடைமுள்ளும் நிறைந்த வறண்ட நிலம். தெருக்களில் கழுதைகள் தம் விருப்பப்படி திரிகின்றன. பள்ளிமுனையிலே பெருக்கமரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியைக் கட்டிப்பிடிக்கப் பத்துப் பேர் கைகோத்தாலும் போதாது. ஆபிரிக்க மண்ணுக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பர். பெருநிலக் கரையில் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். தெற்கே அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முத்துச் சிப்பி விளைந்த பார்கள். ஒரு சிற்றூருக்கு இத்தனை பழஞ்செல்வம் போதும். ஆனால் மன்னாரின் உடைமைகளுள் நம்மவர் எண்ணத் தவறுவது ஒன்றுண்டு. தமிழெழுத்தை அச்சேற்றுவதற்கு மூலகாரணராயிருந்த ஒருவர் இத்தீவில் வாழ்ந்தார். இங்கிருந்து கடிதங்கள் எழுதினார். இங்கே ஒரு தமிழ்க் கல்லூரி காண விரும்பினார். அவரே ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். தமிழ் நாவுக்கு இசைய அவர் பெயர் அண்டிரிக் என்றாயிற்று. நாமும் அவ்வாறே வழங்குவோம்.

போர்த்துக்கல் நாட்டின் தென்பகுதியிலே, அலென்தேஜூ மாகாணத்தில், விலா விசோசா என்றொரு சிறுநகர் உண்டு. வெண்சலவைக் கல்லுக்குப் பேர்போன ஊர். அங்கே பிரகன்சா என்னும் பிரபு குடும்பத்தாரின் அரண்மனை இருக்கிறது. 1501இல் அதனைக் கட்டத் தொடங்கியவர் கோமகன் ஜெய்மே. அக்குடும்பமே பின்னர் 1640இல் போர்த்துக்கல்லின் அரச குடும்பமாயிற்று. அதிற் பிறந்த கதரீன் என்னும் இளவரசி இங்கிலாந்து மன்னனை மணந்தபோது பம்பாய் சீதனமாய்ச் சென்ற கதையை நம் மாணவர்கள் அறிவார்கள். இச்சிறுநகரில் 1520இல் அண்டிரிக் பிறந்தார். கோமகன் ஜெய்மேயின் மகன்களுள் ஒருவர் கொன்ஸ்தந்தீனு. அவரே பின்னாளில் கோவையில் பதிலரசராயிருந்து 1560இல் யாழ்ப்பாண அரசின்மீது படையெடுத்து, மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டுவித்தவர். மன்னாரில் கல்லடுக்கிய குடும்பமும் மன்னாரில் தமிழ் எழுதிய அடிகளாரும் ஒரே சிற்றூரின் தொடர்புடையவர்கள் என்பதை எண்ணும்போது வியப்புத் தோன்றாமற் போகாது.

ஊர் ஒன்றேயாயினும் பிறப்பின் நிலை வேறு. கோமகன் மகனுக்குக் கதவுகள் தாமே திறந்தன. அண்டிரிக் யூத மரபில் வந்தவர். அக்காலப் போர்த்துக்கல்லிலே யூதர் கட்டாயமாகக் கிறித்தவராக்கப்பட்டனர். அவ்வாறு மாறியவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுங்கூடப் புதுக் கிறித்தவர் என்ற பெயரால் ஐயத்துக்கு ஆளாயினர். இரத்தத் தூய்மை என்பது அந்நாட்டில் ஒரு சட்டமாகவே நிலவியது. அண்டிரிக் முதலிற் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். அவருடைய குலமரபு தெரியவந்ததும் அச்சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. குலத்தின் பேரால் ஒருவனைத் தள்ளிவைக்கும் வழக்கம் நம் நாட்டுக்கே உரியதென்று எண்ணுவோர் இதனைச் சற்று நினைவிற் கொள்வது நன்று. பின்பு கோயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். அப்போது புதிதாய்த் தோன்றியிருந்த இயேசு சபை 1545இல் அவரை ஏற்றுக்கொண்டது. அதன் நிறுவுநர் இஞ்ஞாசியார் இத்தகைய இரத்தக் கணக்குகளைப் பொருட்படுத்தாதவர். மறு ஆண்டே அண்டிரிக் கப்பலேறிக் கோவை வந்து சேர்ந்தார். அவருக்கு உடல் வலிமையும் இல்லை, நோயாளி. தாய்நாட்டை அவர் மறுபடி காணவில்லை.

அவர் வருவதற்கு முன் நம் கடலின் இரு கரைகளிலும் நிகழ்ந்தவற்றைச் சிறிது சொல்லவேண்டும். முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவர், முத்து வாணிபத்தைக் கைக்கொண்டிருந்த முஸ்லிம் வணிகரோடு ஏற்பட்ட பகையால் போர்த்துக்கேயரின் துணையை நாடி, 1535ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். துணைக்கு விலையாகச் சமயமும், சமயத்தின்பின் வரியும் வந்தன. 1542இல் பிரான்சிஸ்கு சவேரியார் அவர்களிடம் வந்தார். மன்னாரிலும் பலர் கிறித்தவராயினர். யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி 1544இல் இங்கே படையோடு வந்து, அறுநூறுக்குக் குறையாதவர் எனச் சொல்லப்படும் மக்களை வெட்டுவித்தான். அந்நிகழ்ச்சியின் நினைவாகத் தோட்டவெளியில் இன்றும் வேதசாட்சிகளின் கோயில் உண்டு. சங்கிலியைக் கொடியவன் என்பார் ஒரு சாரார். தன் நாட்டுக்குள் அந்நியன் ஆணை நுழைவதைக் கண்டு வெகுண்ட வேந்தன் என்பார் மற்றொரு சாரார். வெட்டுண்டவரோ ஏழைத் தமிழ்க் குடிகள். அரசியல் எதுவாயினும் அவர்கள் குருதியை எவர் கணக்கில் எழுதுவது? சவேரியார் பழிவாங்கும் படை வேண்டும் என்று முயன்றார். ஆனால் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த ஒரு போர்த்துக்கேயக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்கிச் சங்கிலியின் கையிற் சிக்கவே, சரக்கை மீட்கும் எண்ணம் படையெடுக்கும் எண்ணத்தை விழுங்கிவிட்டது. வேதத்துக்கும் வாணிபத்துக்கும் இடையே எது கனம் என்பதை அந்தத் தளபதிகள் அன்று காட்டினார்கள்.

1547இல் அண்டிரிக் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். கரையில் முன்பே பணிசெய்த பாதிரிமார் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு உபதேசித்தனர். மொழிபெயர்ப்பாளர் எதனை மக்களிடம் சொன்னார் என்பது சொல்லச் சொன்னவருக்குத் தெரியாது. சவேரியார் சில செபங்களைத் தமிழாக்குவித்து மனப்பாடஞ் செய்து ஓதினார். அவற்றிலே பிழை மலிந்திருந்தது. அண்டிரிக் இம்முறையை ஏற்கவில்லை. தமிழைத் தாமே கற்பதென்று முடிவு செய்தார். ஆசிரியர் இல்லை; அவருக்குப் பயன்படும் அகராதி இல்லை; தமிழிலக்கணங்களோ பாட்டில் எழுதப்பட்டுப் புலவர்க்கன்றிப் பிறர்க்கு விளங்காதன. அவர் செய்தது எளிய உபாயம். இலத்தீன் இலக்கணத்திற் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்பதையும், வினைச்சொல் காலமும் இடமும் ஏற்பதையும் சட்டகமாக வைத்துக்கொண்டார். மக்கள் வாயிற் கேட்ட தமிழ்ச் சொற்களை அச்சட்டகத்தில் ஒவ்வொன்றாக நிரப்பினார். இரவும் பகலும் அதுவே வேலை. சில மாதங்களுள் மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசவும், தமிழெழுத்திலே எழுதவும் வல்லவரானார். 1548 அக்டோபர் மாத இறுதியில் வேம்பாற்றிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இம்முயற்சியை விளக்குகிறார்.

அவ்வாறு தொகுத்த குறிப்புகளே போர்த்துக்கேய மொழியிலான தமிழ் இலக்கணமாக உருப்பெற்றன. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதி நமக்குக் கிடைத்துள்ள இலக்கணங்களுள் அதுவே காலத்தால் முந்தியது. போர்த்துக்கேய மொழிக்கு ஜூவாவு டி பாரோஸ் என்பவர் 1540இல் இலக்கணம் வெளியிட்டிருந்தார். அதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்குமாறு அடிகளார் தம் மாணாக்கருக்குச் சொல்கிறார். தொல்காப்பியத்தையும் நன்னூலையும் கற்றவர்க்கு இந்நூல் ஒரு குழந்தை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அதன் பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. செய்யுள் வழக்கைப் பேணிய நம் புலவர், தெருவிலும் தோணியிலும் பேசிய தமிழை ஏட்டில் எழுதத் தகாததென்று விட்டுவிட்டனர். அடிகளார் எழுதியதோ 16ஆம் நூற்றாண்டில் கடற்கரைப் பரதவர் பேசிய தமிழ். அவர்கள் வினைமுற்றை எப்படி முடித்தனர், வேற்றுமை உருபை எப்படிக் கூட்டினர் என்பதை அறிய நமக்கு அந்நூல் ஒரு சாட்சி. அதன் கையெழுத்துப் படி லிஸ்பனில் நூல்நிலையத்தில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1982இல் ஜெர்மனியில் அச்சாயிற்று. 2013இல் ஆங்கிலத்தில் விரிவான மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் இருவருள் ஒருவர் வி. எஸ். இராசம் என்னும் தமிழறிஞர்.

1549இல் இராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் நடந்த சண்டையில், மிசனின் தலைவர் அந்தோனியு கிரிமினாலி கொல்லப்பட்டார். அவருக்குப்பின் தலைவராக உடன்பணியாளர் தேர்ந்தெடுத்தது அண்டிரிக்கையே. யூத மரபினர் என்று ஒரு சபையால் விலக்கப்பட்டவர், நோயாளி, வந்து மூன்றாண்டும் நிறையாதவர். அவருடைய தமிழ் அவருக்கு அத்தலைமையைத் தேடித்தந்தது. புன்னைக்காயலைத் தலைமையிடமாகக் கொண்டு 1576 வரை அப்பொறுப்பை ஏற்று நடத்தினார். அவர் விதித்த ஒழுங்குகளுள் ஒன்று என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. பாதிரிமார் தமக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும்; எவராவது மறந்து போர்த்துக்கேயம் பேசினால் அதற்குத் தண்டனையாகத் தவமுயற்சி செய்யவேண்டும். நம் கல்லூரிகளில் தமிழ் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டம் விதித்த காலம் நம்மிற் பலர்க்கு நினைவிருக்கும். அதற்குச் சரியாக எதிர்மாறான ஒரு சட்டம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெள்ளையரால் இயற்றப்பட்டிருந்தது!

புன்னைக்காயலில் நோயாளர்க்கு ஒரு மருத்துவமனையும் அவர் முயற்சியால் எழுந்தது. ஊர்தோறும் கணக்கப்பிள்ளைமாரை அமர்த்திப் பிள்ளைகளுக்குச் செபம் கற்பிக்கச் செய்தார். யோகி ஒருவரோடு அவர் சமயம்பற்றி அளவளாவிய செய்தியும் அவருடைய கடிதங்களால் தெரிகிறது. இடர்களுக்குங் குறைவில்லை. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டு, அங்கிருந்த போர்த்துக்கேயர் சிறைப்பட்டபோது அடிகளாரும் அவர்களோடு சிறையிருந்தார்.

இனி மன்னாருக்கு வருவோம். 1560இல் கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா பெரும் படையோடு யாழ்ப்பாணத்தில் இறங்கி நல்லூரைப் பிடித்தார். சங்கிலி காட்டுக்குள் தப்பினான். மக்கள் கிளர்ந்தெழுந்ததால் பதிலரசர் நல்லூரை விட்டு விலக நேர்ந்தது. கையில் மிஞ்சியது மன்னார். அங்கே கோட்டை எழுந்தது. அதே காலத்தில் மதுரை நாயக்கரின் படை புன்னைக்காயலை நெருக்கியது. ஆகவே முத்துக்குளித்துறையின் தளபதியை மன்னாரில் இருத்துவதென்றும், பரதவரைக் கடல்கடத்தி இத்தீவிலே குடியேற்றுவதென்றும் ஆட்சியாளர் முடிவு செய்தனர். காரணம் வெளிப்படை. மன்னார் வளைகுடாவின் பார்கள் இரு கரைக்கும் பொது. சிப்பி கிடக்கும் இடமும் பாயும் காற்றும் அறிந்து முத்துக்குளிக்க வல்ல கைகள் இல்லையானால் கோட்டையால் என்ன பயன்?

தோணிகள் புறப்பட்டன. பெண்டிரும் பிள்ளைகளும் பானை சட்டிகளுமாக ஒரு சமுதாயம் கடலைக் கடந்தது. அவர்களோடு அண்டிரிக்கும் மன்னார் வந்தார். 1561ஆம் ஆண்டுக் கடிதங்களை அவர் இங்கிருந்தே எழுதினார். சில ஆண்டுகள் மன்னாரே அவர் இருப்பிடம். இந்தக் குடியேற்றத்தை அடிகளார் எதிர்த்துநின்றார் என்று சொல்லி அவருக்குப் புகழ்தேட நான் விரும்பவில்லை. அவர் போர்த்துக்கேய அரசின் கப்பலில் வந்தவர். அதன் பாதுகாப்பில் பணிசெய்தவர். அதன் கோட்டை நிழலில் வாழ்ந்தவர். மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தை இடித்து அதன் கற்களை மன்னார்க் கோட்டைக்குச் சுமந்தனர் என்னும் செய்தி இப்பகுதியில் வழிவழியாக வழங்கிவருகிறது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1872இல் அக்கோயிலை மீண்டும் எடுப்பிக்க வேண்டுமென்று சைவர்களுக்கு விண்ணப்பம் விடுத்தபோது, அந்த வடு முந்நூறு ஆண்டுகளாகியும் ஆறவில்லை. அடிகளாரின் நூல்களைப் படித்து மகிழும் நாம் இதனை மறைத்துவிடல் ஆகாது. ஆனால் கோட்டைத் தளபதிகளை எடைபோடும் தராசிலேயே அவரையும் நிறுத்துவது நீதியன்று. தளபதிகள் முத்தின்மேல் வைத்த கண்ணை அவர் சொல்லின்மேல் வைத்தார்.

மன்னாரிலோ புன்னைக்காயலிலோ ஒரு தமிழ்க் கல்லூரி அமைய வேண்டும் என்ற எண்ணம் இக்காலத்தில் அவரிடம் உருவாயிற்று. வெளிநாட்டிலிருந்து வரும் குருமார் அங்கே தமிழை முறையாகப் பயிலவேண்டும். தமிழ்க் குருமாரும் உருவாகவேண்டும். அடுத்த நூற்றாண்டுகளில் நம் தீவில் எழுந்த கல்விக்கூடங்களை நினைப்போர்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டு 1560களை ஒட்டியது என்பதை மறக்கவேண்டாம். தமிழ் நாட்டிலும் ஈழத்திலும் மடங்களில் ஏட்டுக் கல்வி நடந்த காலம் அது. ஒரு மொழியைப் பிறநாட்டார் கற்பதற்கென்றே ஒரு கல்லூரி என்ற கருத்து நம்மவர்க்குப் புதிது. மன்னாரில் அக்கல்லூரி எழவில்லை. குடியேறிய பரதவர்களில் மிகப் பலர் நிலைத்திருக்கவில்லை. ஊர் அமைதியடைந்ததும் தோணியேறித் தங்கள் பழைய துறைகளுக்கு மீண்டனர். மனிதரைப் பிடுங்கி நட்டால் மரம்போல் வேர்விடுவர் என்று கணக்கிட்ட ஆட்சியாளரின் கணக்குத் தவறிற்று. அடிகளாரும் புன்னைக்காயல் திரும்பினார். பாதிரிமார் தமிழ் பயிலும் பள்ளி பின்னர் அங்கே நடந்தது.

கல்லூரி கைகூடவில்லை, அச்சுக் கைகூடிற்று. கோவையில் 1556இலேயே அச்சியந்திரம் வந்துவிட்டது; ஆனால் அதில் ஓடியவை உரோமன் எழுத்துகள். அதற்கும் முன் 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு செபநூல் வெளிவந்தது. கடற்கரையிலிருந்து அங்கே சென்ற தமிழர் மூவர் அதனை ஆக்கினர். தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்திலே அச்சிட்டனர். தமிழெழுத்து அச்சேற வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்தையும் எஃகில் வெட்டி, அச்செடுத்து, ஈயத்தில் வார்க்கவேண்டும். ஓலையில் எழுத்தாணி ஓடும் இழுப்புக்கேற்ப வளைந்த வடிவங்களை, ஓலையையே காணாத ஒரு கொல்லன் எப்படி வெட்டுவான்? ஜூவாவு கொன்சால்வஸ் என்னும் ஸ்பானியச் சகோதரர் 1577இல் கோவையில் முயன்றார். அவ்வெழுத்துகள் நிறைவளிக்கவில்லை. ஜூவாவு டி பாரியா என்னும் பாதிரியார் மறு ஆண்டு கொல்லத்தில் புதிய எழுத்துகளை வார்ப்பித்தார். செலவுக்குப் பரதவ மக்கள் பொருள் கொடுத்தனர். கடலின் அடியில் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிய கைகள் கொடுத்த காசு அது.

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்திலே தம்பிரான் வணக்கம் அச்சாகி முடிந்தது. பதினாறே பக்கங்கள். சவேரியாரின் செபநூலை அண்டிரிக் தமிழாக்கியது. மனுவேல் என்னும் பாதிரியார் அதில் துணைநின்றார். இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் என்று அறிஞர் அதனைப் போற்றுகின்றனர். முதலாம் ஆண்டுக் கோவை எழுத்தையும் கொல்லத்து எழுத்தையும் ஒருங்கே அச்சிட்டுக் காட்டும் பகுதியும் அதில் உண்டு. அந்தச் சிறு பக்கத்தைப் பார்ப்போர்க்கு, ஒரு மொழி அச்சுலகில் நடைபயிலும் முதல் அடிகள் கண்ணுக்குத் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேற்றுமை இல்லை. ஓலையில் எழுதியபடியே அச்சிலும் வந்தது. அக்குறையை நீக்கும் சீர்திருத்தம் வீரமாமுனிவர் காலம் வரை காத்திருந்தது.

நூலின் பெயரை ஊன்றிப் பாருங்கள். தம்பிரான் என்பது சைவமும் வைணவமும் இறைவனுக்கு இட்டு வழங்கிய சொல். பாட்டிலும் மடத்திலும் பழகிய அச்சொல்லை அடிகளார் தயங்காது எடுத்து முகப்பில் வைத்தார். உள்ளே போர்த்துக்கேயச் சொற்களும் இலத்தீன் சொற்களும் கரடுமுரடாக விரவியுள்ளன. வாக்கியங்கள் சில இடங்களில் தமிழ்போல் நடக்கவில்லை. இருந்தும் பெயர் தமிழாயிருந்தது. எந்தச் சொல்லை மாற்றாமல் விடுவது, எந்தச் சொல்லைத் தமிழாக்குவது என்ற போராட்டத்தை அவர் அன்று தொடங்கினார். அறிவியல் நூல் எழுதும் நம் ஆசிரியர்கள் அப்போராட்டத்தை இன்னும் முடிக்கவில்லை.

மறு ஆண்டு, 1579இல், கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. வினா விடையாய் அமைந்த அந்நூல் முன்னதினும் பலமடங்கு பெரிது. 1580இல் பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கூறும் கொம்பெசியொனாயரு வெளிவந்தது. பின்பு 1586இல் அவருடைய பெருநூலாகிய அடியார் வரலாறு, 600 பக்கங்களுக்கு மேல். திருத்தொண்டர் வரலாறுகளைக் கேட்டு வளர்ந்த தமிழ்ச் செவிக்கு, கிறித்தவ அடியாரின் வரலாறுகளை நாள்முறையில் தமிழ் உரைநடையில் சொல்லிச் செல்லும் நூல். உரைநடையில் இத்துணைப் பெரிய நூல் ஒன்றைத் தமிழில் அச்சிட்டுக் கண்டது அதுவே முதன்முறை. அதனை முடித்தபோது அடிகளாருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பதாண்டு அக்கரையில் பழகியும் அவருடைய நடையில் போர்த்துக்கேய வாடை முற்றாக நீங்கவில்லை. ஆனால் முதல் நூலிலிருந்து கடைசி நூல்வரை வரிசையாய்ப் படிப்பவர், ஓர் அந்நியரின் தமிழ் ஆண்டுக்கு ஆண்டு தெளிவதை உணர்வர். அவர் தொகுத்த அகராதியோ நமக்குக் கிடைக்கவில்லை. தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்திப் போர்த்துக்கேயத்தில் பொருள்கூறும் புரோயென்சா பாதிரியாரின் அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சாகும்போது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஈய எழுத்துகள் பெரும்பாலும் வாய்மூடியிருந்தன.

1600ஆம் ஆண்டு, எண்பதாம் வயதில், அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் உயிர்நீத்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுசென்று பனிமய மாதா கோயிலில் அடக்கினர். அவர் முதன்முதல் அக்கரையில் அடிவைத்தபோது பிறந்த குழந்தைகள் அன்று பேரன் பேத்திகளைக் கண்டிருப்பார்கள்.

மன்னாரில் அவர் வாழ்ந்த காலத்துச் சுவடுகளைக் காலம் பெரும்பாலும் துடைத்துவிட்டது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். ஒல்லாந்தரோடு வந்த பால்தேயுசு என்னும் போதகரும் தமிழ் கற்க முனைந்தார். 1672இல் அம்ஸ்தர்தாமில் அவர் வெளியிட்ட பெருநூலில் மன்னாரைப்பற்றியும் தமிழெழுத்தைப்பற்றியும் எழுதினார். பகைவர் கோட்டையைப் பிடித்தவர்களும் அப்பகைவர் விட்டுச்சென்ற இலக்கண முறையைப் பின்பற்றியே தமிழ் படிக்கவேண்டியிருந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். முத்துக்குளிப்பு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு ஓய்ந்தது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே தொடங்கிய நீராவிக் கப்பற் போக்குவரத்து, 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுக்கோடி அழிந்தபோது அற்றது. அடிகளார் தோணியிற் கடந்த அதே நீர்ப்பரப்பை மன்னாரின் பெரியோர் பலர் கப்பலிற் கடந்து மதுரைக்கும் திருச்சிக்கும் படிக்கச் சென்ற கதைகளை இன்றும் சொல்வார்கள்.

அடிகளாரின் நூல்களும் அவரைப் போலவே ஊர்விட்டு ஊர் திரிந்தன. தமிழ்நாட்டில் அவற்றின் பெயரும் மறந்துபோயிருந்தது. தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் இருக்கிறது. கொம்பெசியொனாயரு ஒக்ஸ்போர்டிலும், அடியார் வரலாறு வத்திக்கானிலும் கிடந்தன. ஐரோப்பிய நூல்நிலையங்களில் தேடி, இச்செல்வங்களைத் தமிழுலகுக்கு 1950களில் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் கரம்பொனிற் பிறந்த தனிநாயக அடிகள். புரோயென்சாவின் அகராதியை 1966இல் மீண்டும் பதிப்பித்தவரும் அவரே. தூத்துக்குடியிலிருந்து இராசமாணிக்கம் அடிகளார் 1963இல் தம்பிரான் வணக்கத்தையும், 1967இல் அடியார் வரலாற்றையும் மறுபதிப்புச் செய்தார். அண்டிரிக் அடக்கம் பெற்ற அந்நகரிலிருந்தே, நானூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியின்பின், அவர் நூல்கள் புள்ளி பெற்ற எழுத்துகளில் வெளிவந்தன.